கல்லிதேயாவில் நான் போட்ட தும்மல்

ஏதென்ஸ்,
ஏப்ரல் மாதக் கடைசி, 1906.

அலெக்சாந்திரியா பட்டணத்தில் பஞ்சு வியாபாரம் செழிக்க வாழும் மரியாதைக்குரிய மச்சான் மெனேலாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை எவ்தோக்ஸியாவின் கணவன் திமோலியோன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறோம். இந்த வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய இரங்கல் தந்தி கிடைத்தது. வாசலில் நின்று அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவனே நான்தான். அதில் என்னை "உத்தமர், குடும்பத்தின் தூண்" என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் வாயால் இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை என்பதால் தந்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், திருப்பிக் கேட்காதீர்கள். கறுப்புத் துணி எதுவும் அனுப்ப வேண்டாம். கப்பலும் ஏற வேண்டாம்.

முதலில் உங்கள் தங்கை கொடுத்த தந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் எழுதிக்கொடுத்தது, "திமோலியோன் பிஸ்டல் சண்டைக்குப் போகிறார், சுடப்பட்டாலும் படலாம், உடனே வந்து தடுக்கவும்" என்று. தந்தி ஆபீஸில் இப்போது என் பழைய நாற்காலியில் இருப்பவன் என்னிடம் வேலை பழகியவன். ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொல் அனுப்புகிறவன் தந்திக்காரனே இல்லை என்று அவனுக்குப் பல வருடம் ஓதியது நான்தான். அவன் அதை மறக்கவில்லை. "திமோலியோன் பிஸ்டல் சுடப்பட்டார் வரவும்" என்று அனுப்பிவிட்டான். அவனைப் போய்த் திட்டலாம் என்று கிளம்பினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஐயா, எவ்வளவு சுருக்கிட்டேன் பாத்தீங்களா" என்றான். என்னத்தைத் திட்டுவது.

நடந்தது இதுதான். ஊரெல்லாம் விளையாட்டுப் போட்டி. எந்தத் தெருவுக்குப் போனாலும் கொடி, வெளிநாட்டுத் தொப்பி. எல்லோரும் பளிங்கு மைதானத்துக்கு ஓட்டப் பந்தயம் பார்க்கப் போகும்போது, என் நண்பன் ஸெனோபோன் மட்டும் கல்லிதேயாவில் இருக்கும் துப்பாக்கிக் களத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனை உங்களுக்குத் தெரியும், எங்கள் கல்யாணத்தில் ஆட்டம் போட்டு விளக்கை உடைத்தவன். பள்ளிக்கூடத்தில் ஜியோமிதி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, என்னைப் போலவே இப்போது காபிக்கடையில் குடியிருக்கிறான். அவனுடைய தங்கை மகன் லெப்டினன்ட் லியாந்த்ரோஸ் ராணுவ ரிவால்வர் போட்டியில் நம் நாட்டுக்காகச் சுடுகிறான். ஆகவே நீராவி டிராம் ஏறிப் போய், கயிற்றுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

துப்பாக்கிப் போட்டி பார்க்க வருகிறவர்கள் கோயிலில் இருப்பதைவிட அமைதியாக இருக்கிறார்கள், மச்சான். பையனும் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்றில் அவன் கையை நீட்டிக் குறிபார்க்கும்போது, ஸெனோபோன் பதற்றத்தில் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து தானும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு என் பக்கமும் நீட்டினான். அவன் நீட்டினால் நான் எடுப்பது பல வருடப் பழக்கம். மூக்குக்கும் கைக்கும் நடுவில் மூளை வருவதே கிடையாது. எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் சுற்றிலும் எவ்வளவு அமைதி என்பது தெரிந்தது. மூக்கைப் பிடித்தேன், மூச்சை அடக்கினேன், நாக்கைக் கடித்தேன், எனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. தும்மல்தான் வந்தது. அதே நேரத்தில் ரிவால்வரும் வெடித்தது. குண்டு லியாந்த்ரோஸின் இலக்கை விட்டுவிட்டுப் பக்கத்து இலக்கில் போய்ப் பட்டது. அது ஒரு பிரெஞ்சுக்காரருடைய அட்டை. அதில் நட்ட நடுவில்.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அந்தப் பிரெஞ்சுக்காரர் நல்ல வளர்ப்பு. தும்மியவனுக்கு ஆசி சொல்வது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது. நேராகக் கயிற்றுப் பக்கம் வந்து, ஏதோ சொல்லி, எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். ஏதென்ஸ்காரர்கள் அத்தனை பேர் கண்ணெதிரே.

டிராம் ஏறித் திரும்பினோம். லூக்காஸின் காபிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, காபி வந்து, அதன் கூடவே தண்ணீரும் வந்த பிறகுதான் ஸெனோபோன் வாயைத் திறந்தான்.

"எவ்வளவு குடுத்தான் அந்தப் பிரெஞ்சுக்காரன்?"

"எதுக்கு?"

"தும்மினதுக்கு."

"பொடி குடுத்தது யாருடா?"

"குடுத்தா எப்பப் போடணும்னு தெரிய வேண்டாமா? இத்தனை வருஷமா மூக்கு வெச்சிருக்கே, அதை எப்ப உபயோகிக்கணும்னு தெரியலையே."

நான் பொறுத்துக்கொண்டேன். அவன் விடவில்லை. கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "இவன் தந்தி ஆபீஸ்ல இருந்தப்பவும் இதே கதைதான். இவன் ஒரு தும்மல் போட்டா வடக்க போக வேண்டிய சேதி தெற்க போயிரும்" என்றான். என் மூக்கைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். என் வேலையைப் பற்றி அந்த ஆபீஸில் இருந்த மேலதிகாரிகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. காபியோடு வந்த தண்ணீரை எடுத்து அவன் தொப்பியில் ஊற்றினேன். தொப்பி அப்போது தலையில்தான் இருந்தது.

அவன் எழுந்து நின்றான். கனவான்கள் சவால் விடும்போது கையுறையை எறிவார்கள். அவனிடம் கையுறை இல்லாததால் மூக்குப்பொடி டப்பாவை என் முன்னால் எறிந்தான். டப்பா திறந்துகொண்டது. ஆகவே அவன் விட்ட சவாலில் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு தும்மல் இருந்தது, நான் அதை ஏற்றுக்கொண்டபோதும் அப்படியே. சாட்சிகளும் தும்மிக்கொண்டிருந்தார்கள். லூக்காஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சவால் வாங்கினவர்தான் ஆயுதம் சொல்லணும். என்ன ஆயுதம்?" என்று கேட்டான். காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் பிஸ்டல். வாயில் அதுதான் வந்தது. கொஞ்சம் யோசித்திருந்தால் வாள் என்று சொல்லியிருப்பேன். எங்கள் பேட்டையில் யாரிடமும் வாள் கிடையாது, விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் தங்கை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"யார் கூடங்க சண்டை?"

"ஸெனோபோன் கூட."

"அவருக்கு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா நாலடி தள்ளி நிக்கிற ஆளே தெரியாதே."

"அதுதான் பயமா இருக்கு. தெரிஞ்சு சுடறவன்னா ஒதுங்கி நிக்கலாம்."

அவள் கையிலிருந்த அவரைக்காயை உரித்து முடித்தாள். பிறகு, "எந்தக் கோட்டு போட்டுக்கிட்டுப் போவீங்க?" என்றாள்.

"கறுப்புக் கோட்டு. கௌரவச் சண்டைக்கு அதுதான் முறை."

"பழுப்பு போட்டுக்குங்க. கறுப்புல ஓட்டை விழுந்தா ஒட்டுப் போட்டது பளிச்சினு தெரியும்."

இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது மூக்குப்பொடி இல்லை என்று எனக்குத் தெரியும். சற்று நேரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். தந்தி ஆபீஸுக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, மச்சான். நான் வாழ்க்கையில் சுட்டது கஷ்கொட்டைதான். அதனால் மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், முறைப்படிக் கறுப்புக் கோட்டையே போட்டுக்கொண்டு கல்லிதேயாவுக்குப் போனேன். பிஸ்டல் பிடிக்கத் தெரிந்தவர்களில் எனக்குப் பழக்கமானவன் லியாந்த்ரோஸ் ஒருவன்தான். அவனுடைய மாமனைச் சுடுவதற்கு அவனிடமே போய்ப் பாடம் கேட்பது அவ்வளவு நன்றாக இல்லை என்பது புரிந்தே இருந்தது. களத்தின் வாசலில் நுழைந்தேன். அதே பெஞ்சில், அவனுடைய கறுப்புக் கோட்டில், ஸெனோபோன் உட்கார்ந்திருந்தான்.

"நீ எங்க இங்க?"

"எங்க தங்கச்சி பையனைப் பாக்க வந்தேன். நீ?"

"கோழி வாங்க."

"துப்பாக்கிக் களத்துலயா?"

"இந்தப் பக்கம் நல்ல கோழி கிடைக்கும்னாங்க."

லியாந்த்ரோஸ் வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, நீங்க இவரைச் சுடறதுக்குக் கத்துக்குடுங்கறீங்க. இந்த மாமா உங்களைச் சுடறதுக்குக் கத்துக்க வந்திருக்கார். நான் யார் கட்சி?" என்றான். இருவரும் தரையைப் பார்த்தோம். "சரி, கத்துத் தரேன். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கத்துக்கணும்" என்றான். அப்படிச் சொன்னால் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நினைத்தானாம். எங்களை அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் சண்டைப் பிஸ்டலுக்கு என்று தனியாக ஒரு போட்டி இருந்தது. அதற்கு இலக்கு அட்டை இல்லை, ஆள். ஆள் உயரத்துக்குச் சுண்ணச்சாந்தில் செய்த பொம்மை. அதற்கு முழங்கால் வரைக்கும் நீளமான கறுப்புக் கோட்டு மாட்டி, தொண்டைக்குழியில் ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். தையல்கூட என் கோட்டின் தையல்தான். வேலையில்லாத சிப்பாய் எவனோ அதன் முகத்தில் கரியால் மீசை போட்டிருந்தான், இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. ஸெனோபோனுக்கும் தொங்கும் மீசை. அவனுக்கு அந்தத் தூரத்தில் பொம்மை இருப்பதே தெரியவில்லை.

முதலில் அவன் சுட்டான். மூக்குக் கண்ணாடியில் மூச்சு படிகிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொடிக்கம்பத்தைப் பார்த்துக் குறிவைத்தான். "மாமா, பொம்மை இந்தப் பக்கம்" என்று பையன் தோளைப் பிடித்துத் திருப்பினான். திருப்பும்போதே வெடித்தது. காவலர்களின் தண்ணீர்ப் பானை உடைந்தது. அடுத்து நான். என் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. லியாந்த்ரோஸ் சிப்பாய்களையெல்லாம் கூப்பிட்டு, "எல்லாரும் போய்க் காபி குடிச்சிட்டு வாங்க" என்றான். அவர்கள் ஓடியே போனார்கள்.

இரண்டாவது தடவையும் எனக்கு அப்படியே ஆனது. மூன்றாவது தடவை கையைத் தூக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. கரும்பலகை முன்னால் தப்பான கணக்கைப் பார்த்த குரல்.

"கையை அவ்வளவு தூக்கினா குண்டு பிரேயுஸ் துறைமுகத்துலதான் போய் விழும். கோணத்தைக் குறை."

"நீ சொல்லித் தர வேண்டியதில்லை."

"தப்பாப் பண்றதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. இன்னும் குறை. ரெண்டு கண்ணையும் ஏன் மூடறே? ஒண்ணை மூடு."

"எதை?"

"ஐயோ, இடதை."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டான். என் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கினான். "ஆடாதே. இப்பப் பாரு. வட்டம் தெரியுதா?"

"எந்த வட்டம்?"

"தொண்டையில இருக்கே, அது. என் தொண்டைன்னு நினைச்சுக்கோயேன்."

பாடம் நடத்துகிற மும்முரத்தில்தான் அதைச் சொன்னான். நானும் பாடம் கேட்கிற மும்முரத்தில் அப்படியே நினைத்துக்கொண்டு விசையை இழுத்தேன்.

பொம்மையின் தலை போய்விட்டது. கோட்டின் கழுத்துப்பட்டை கிழிந்து தொங்கியது. தலை மணலில் உருண்டு எங்களைப் பார்த்தபடி நின்றது, அந்த மீசையோடு. திரும்பிப் பார்த்தால், ஸெனோபோன் இன்னொரு கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். லியாந்த்ரோஸ் மெதுவாக வந்து என் கையிலிருந்த பிஸ்டலை வாங்கிக்கொண்டான். நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். எதிர் நாற்காலியில் தினமும் பார்க்கிற முகம், மச்சான். அது இல்லாமல் காபி எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. முட்டிவலிக்காரன், அவனும் இரண்டு தவணையாக மடங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "நல்லாத்தான் சுட்டே" என்றான்.

"நீதானே கத்துக்குடுத்தே."

"ஆமா. பள்ளிக்கூடத்துல ஒரு பயலும் இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டதில்ல."

"ஸெனோபோன், நான் சண்டைக்கு வரலடா. கோழைன்னு ஊர் பூராவும் சொல்லிக்கோ."

"நானும் வரலையே. அப்ப யாரு யாரைச் சொல்றது?"

அவன் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். ரொட்டி, ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஈஸ்டருக்குச் சாயம் தோய்த்த சிவப்பு முட்டை இரண்டு. சுடக் கற்றுக்கொள்ள வரும்போது இரண்டு முட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. முட்டையோடு முட்டையை முட்டினோம். அவனுடையது உடைந்தது. "சரி, நீ ஜெயிச்சே" என்று உரித்துத் தின்றான். அவ்வளவுதான் சமாதானம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, மச்சான். கேட்டிருந்தால் யார் முதலில் கேட்பது என்று இன்னொரு சண்டை வந்திருக்கும்.

வாயில் ரொட்டியோடு ஸெனோபோன் யோசித்துக்கொண்டே இருந்தான். "குண்டு அந்தப் பிரெஞ்சுக்காரன் அட்டையில நட்ட நடுவுல பட்டுச்சில்ல?" என்றான் திடீரென்று. "தும்மல் கேட்டுக் கை ஆடினா ஓரத்துலல்ல படணும். நடுவுல எப்படிப் படும்?" இருவரும் லியாந்த்ரோஸைப் பார்த்தோம். அவன் பிஸ்டலைத் துடைப்பதில் ரொம்ப அக்கறை காட்டினான்.

"டேய், சொல்லு."

"மாமா, கடைசிச் சுற்றுல இலக்கு எண்ணை மாத்திப் பாத்துட்டேன். தும்மலுக்கு முன்னாடியே நான் அவர் அட்டையைத்தான் குறிவெச்சிருந்தேன்." என் பக்கம் திரும்பி, "மேலதிகாரி கேட்டாரு. யாரோ தும்மிட்டாங்கன்னேன். நீங்க மட்டும் தும்மாம இருந்திருந்தா என் பாடு திண்டாட்டம்" என்றான்.

ஸெனோபோன் அவனை அடிக்கக் கையை ஓங்கினான். எழுந்திருக்க முடியாததால் விட்டுவிட்டான்.

பிறகு பொம்மைக்குத் தலை வைக்க வேண்டியிருந்தது, போட்டிக்கு நேரம் நெருங்கிவிட்டதே. பையன் சாந்து குழைத்தான், நான் தலையைத் தாங்கினேன், ஸெனோபோன் எட்டி நின்று ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தான். அவன் நேர் பார்த்ததால் தலை கொஞ்சம் இடது பக்கம் திரும்பிவிட்டது. போட்டியில் அத்தனை நாட்டுக்காரர்களும், யாரோ கூப்பிட்டதுபோலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கனவானைத்தான் சுட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. நாங்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தோம். அவன் பொடி நீட்டவில்லை.

இதுதான் நடந்தது. இதில் ஒரு வார்த்தையை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. யாரும் யாரையும் சுடவில்லை. எவ்தோக்ஸியா நிம்மதியாக இருக்கிறாள், கறுப்புக் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம். நானும் சௌக்கியம், பசி நன்றாக எடுக்கிறது. விளையாட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் போய்விட்டதால் காபிக்கடையில் பழையபடி இடம் கிடைக்கிறது. உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தேவமாதா நீண்ட ஆயுளும், நைல் நதி நல்ல பஞ்சும் தரட்டும். எனக்காகப் பூசை ஏதாவது செய்யச் சொல்லியிருந்தால் நிறுத்த வேண்டாம், உயிரோடு இருப்பவன் கணக்கில் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய மைத்துனன்,
திமோலியோன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடும் வழியில் லூக்காஸின் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து நானும் ஒதுங்கி நின்றேன். பத்திரிகையில் வந்திருக்கிறது, மச்சான். கல்லிதேயாவில் ஒரு காலை வேளையில் இரண்டு கனவான்கள் கறுப்புக் கோட்டணிந்து வந்து, பிஸ்டல் சண்டை நடத்தி, இருவருமே கொஞ்சமும் அசையாமல் குண்டுகளை எதிர்கொண்டு, கடைசியில் கைகுலுக்கிப் பிரிந்தார்களாம். எங்கள் இரண்டு பேருடைய முதலெழுத்தும் போட்டிருக்கிறது. காபி குடிக்க ஓடிப்போன சிப்பாய்கள் யாரிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. சண்டைக்குக் காரணம் ஒரு பெண்மணி என்றும், அவர் பெயரைக் கனவான்கள் இருவரும் வெளியிட மறுத்துவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. ஸெனோபோன் என் காதில், "மறுத்தா தும்மல்னு சொல்லணும். பேசாம இரு" என்றான். பேசாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் எவ்தோக்ஸியா கையில் அதே பத்திரிகை. பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஏங்க, அந்தப் பொம்பளை நான்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள், பெரிய தெரு வழியாக, சுற்றிக்கொண்டு. ஆகவே மேலே எழுதியதை நீங்கள் படிக்கவில்லை. சண்டை நடந்தது, நாங்கள் இருவரும் சுட்டோம், காரணம் உங்கள் தங்கை. அவள் உங்களுக்கு எழுதிக் கேட்டால், உங்களுக்கு அது முன்பே தெரியும் என்று பதில் எழுதுங்கள்.